விற்கச் சொன்ன பங்கு

1

பூனாவை வெளியூர் என்று சொன்னால் பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கை எஸ்தர் ஒன்றும் சொல்வதில்லை. வெளிநாடு என்று சொன்னால் சிரிக்கிறாள். பாஸ்போர்ட் இல்லாமல், ரிசர்வேஷன்கூட இல்லாமல் வந்து இறங்கிவிடக்கூடிய ஊர் எப்படி வெளிநாடாகும் என்பது அவள் கட்சி. அவள் ஒருநாள் இங்கே வந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவனிடம் சண்டை பிடித்துப் பார்க்கட்டும். எனக்குக் கோபம் வந்தால் இந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் இடம் மாறிவிடும். இத்தனைக்கும் கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆகும்வரை பிள்ளைகளுக்கு இந்தியில்தான் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். கணக்குக்கு வந்த இந்தி கோபத்துக்கு வரவில்லை. எதிரில் நிற்பவன் முதலில் முறைப்பான், அப்புறம் சிரித்துவிடுவான். சிரிக்கிறவனிடம் என்ன சண்டை பிடிக்க? வீட்டுக்கு வந்து மீதியைத் தமிழில் அவரிடம் போடுவேன்.

அவர் என்பது என் வீட்டுக்காரர் தங்கராஜ். தேஹு ரோடு ராணுவ டெப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. எங்களுக்கு ஒரே மகள், ஷீபா; இங்கேயே வளர்ந்தவள், பேச்சில் தமிழோடு மராத்தியும் இந்தியும் கலந்து வரும். ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணப் பேச்சை எடுத்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். தேஹு ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் மூன்று பேரும் இருக்கிறோம்.

எஸ்தர் வீட்டுக்குப் பக்கத்து வீடு கைமாறிவிட்டது என்று தெரிந்து ஒரு வாரம் ஆகிறது. அந்த வீட்டை நாங்கள் வாங்குவதாக இருந்தது. அதை வாங்கத்தான் எங்கள் பங்கை விற்க நினைத்தோம். நடந்ததை யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எஸ்தரிடம் சொன்னால் அழுவாள், இங்கே உள்ளவர்களிடம் சொன்னால் மொழிபெயர்க்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

2

பங்கு எங்களிடம் வந்த கதை சின்னது. தளேகாவில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். குழாய்களுக்கு வால்வு செய்கிறவர்கள். அவர்கள் பங்கு வெளியிட்டபோது டெப்போவில் கூட வேலைபார்த்த பாட்டீல் என்பவர் இவரை விடாமல் பிடித்து ஃபாரம் நிரப்ப வைத்தார். காகிதத்தில் அச்சடித்த சர்டிபிகேட் வந்தது. குளிர்காலத்துக் கம்பளிகளோடு டிரங்குப் பெட்டிக்குள் போனது. நாங்கள் மறந்தே போனோம்.

இடையில் அந்தக் கம்பெனி பெரிதாகி, போனஸ் பங்கு கொடுத்து, ஒன்றை இரண்டாக்கி, நாலாக்கி என்னென்னவோ செய்திருக்கிறது. பாட்டீல்தான் ஒருநாள் வீட்டுக்கு வந்து, நீங்கள் இன்னும் ஷேர் ஆட்டோவிலா போகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம்.

திறந்தால் போதுமா? காகிதத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கே பிடித்தது பெயர் வில்லங்கம். சர்டிபிகேட்டில் டி. தங்கராஜ். பான் கார்டில் தங்கராஜ் டானியேல். பேங்கில் டானியேல் தங்கராஜ். இந்த ஊரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, அதைக் கடைசியில் எழுதுவார்கள். எங்களுக்கு அது கிடையாது என்று சொன்னால் அனாதையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள், டானியேல் யார் என்று. அப்பா என்றார் இவர். அப்படியென்றால் பேங்க் கணக்கு அப்பாவுடையதா என்றாள். செத்துப்போன மாமனாரை மூன்று ஆபீஸ்களுக்கு இழுத்துக்கொண்டு அலைந்தோம். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பங்கு ஷீபாவின் ஃபோனுக்குள் வந்தது. கணக்கு இவர் பெயரில், கையாள்வது அவள். எங்களுக்கு அந்த ஆப் ஓடாது.

3

ஃபோனுக்குள் வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. ஏறிக்கொண்டே இருந்த விலையைச் சாப்பாட்டு மேஜையில் ஷீபா வாசிப்பாள். இவர் தலையை ஆட்டுவார். விற்கலாமா என்று நான் கேட்பேன். இன்னும் ஏறும்போலத் தெரிகிறதே என்பார். ஒரு மாதம் கொஞ்சம் இறங்கியது. இப்போதாவது விற்கலாமா என்றேன். இறங்கும்போதா விற்பார்கள், பழைய விலைக்கு வரட்டும் என்றார். பழைய விலையைத் தாண்டிப் போனது. அப்போது மறுபடி, இன்னும் ஏறும்போலத் தெரிகிறதே. நான் சொல்லிக்கொடுத்த கணக்குகளுக்கு எல்லாம் புத்தகத்தின் கடைசியில் விடை இருந்தது. இதற்கு எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது?

விற்றுவிட்டு எங்கே போடுவது என்பது இதைவிடப் பெரிய ரகளை. பாட்டீல் தளேகாவ் பக்கம் நிலம் வாங்கச் சொன்னார். சபையில் ஒரு தம்பி மியூச்சுவல் ஃபண்டுக்கு ஆள் சேர்க்கிறான், ஆராதனை முடிந்ததும் செருப்பு மாட்டக்கூட விடாமல் பிடித்துக்கொள்வான். ஷீபாவுக்கு விற்கவே மனமில்லை. நல்ல பங்கைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஏதோ வீடியோவில் பார்த்ததைச் சொல்வாள்.

அப்போதுதான் எஸ்தர் ஃபோன் செய்தாள், பக்கத்து வீட்டுக்காரர் மகனோடு போய்விடப் போகிறார், வீட்டை விற்கிறார் என்று. இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை, தெருமுனையில் ரேஷன் கடை. அழகான வீடு ஒன்றுமில்லை. வெயில் காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரில் கை வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ரேஷன் கடையில் நான் வரிசையில் நின்று, எடை குறைகிறது என்று வாய்நிறையச் சண்டை போடலாம். எவனும் சிரிக்க மாட்டான். சிரித்தாலும் எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரியும். சாகிறதற்குள் அப்படி ஒரு பத்து வருடம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வெறியே வந்துவிட்டது.

இவருக்கும் உள்ளூர ஆசைதான். வீட்டை விற்கிறவர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார். அட்வான்ஸ் கொடுப்பதற்காக இவர் தன் ஓய்வுப் பணத்தில் போட்டிருந்த ஃபிக்சட் டெபாசிட்டை எடுத்து, பங்குக் கணக்கோடு சேர்ந்த அதே பேங்க் கணக்கில் போட்டு வைத்தார். ஷீபாவிடம், காசு போட்டிருக்கேன் என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்போம். அவள் அலுவலகப் பஸ்ஸில் இறங்கி, தோள்பையைக் கழற்றி, மம்மி என்ன இருக்கு என்று கேட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்கு வருவாள். அந்த முகத்திடம், உன்னை இங்கே தனியாக விட்டுவிட்டு நாங்கள் போகிறோம் என்று எப்படி ஆரம்பிப்பது? விற்றபிறகு சொல்லலாம், கையில் பணம் வந்தபிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தோம்.

4

இவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை லோனாவ்லா லோக்கல் ரயிலில் ஏறித் தளேகாவ் போவார். அந்தக் கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை லாரி உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது, வெளியே வருவது பாரத்தோடு வருகிறதா என்று பார்ப்பார். வாழ்க்கை முழுக்க ஸ்டோர் வாசலில் நின்றவருக்கு இதுதான் பங்குச்சந்தை ஆராய்ச்சி. இதைச் சொல்லிச் சொல்லி ஷீபாவும் நானும் சிரிப்போம்.

அந்த மாதம் நானும் கூடப் போனேன். வீட்டில் சும்மா இருந்தால் எஸ்தர் ஃபோன் செய்துகொண்டே இருப்பாள் என்பதுதான் காரணம். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். லாரிகள் உள்ளே போகவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் சாப்பாட்டு டப்பாவோடு மரத்தடியில் இருந்தார்கள், அவர்களை உள்ளே விடவில்லை. டீக்கடைக்காரர், பதினைந்து நாளாக இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டார். இவர் டீயை முழுதாகக் குடிக்காமல் எழுந்தார். வித்துருவோம் என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் இவ்வளவு சீக்கிரம் ஒரு முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் லோக்கலில் ஏறியதும் ஷீபாவுக்கு ஃபோன் போட்டார். பெட்டிக்குள் பஜனைக் கூட்டம் ஒன்று தாளம் தட்டிக்கொண்டிருந்தது. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"என்ன பப்பா, ஹோல்ட் பண்ணணுமா?" என்றாள் ஷீபா.

"இல்லட்டி. விக்கத்தான் கேக்கேன்."

"விகத் க்யாய்ச்ச நா?"

"ஆமா, விக்கத்தான். இப்பமே பண்ணிரு."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்தையும்," என்றார் இவர்.

தேஹு ரோட்டில் இறங்கியதும் அரை கிலோ பேடா வாங்கினார். எஸ்தருக்கு அங்கேயே பிளாட்பாரத்தில் நின்று ஃபோன் செய்தேன். வீட்டை விற்கிறவரிடம் சொல்லிவிடு, வருகிறோம் என்றேன்.

5

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனில் வந்திருந்த மெசேஜை வாசித்தார். மறுபடி வாசித்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார். இதில் இங்கிலீஷில் பை என்று போட்டிருக்கிறதே, செல் என்று அல்லவா இருக்க வேண்டும் என்றார். ஆமாம், பைதானே சொன்னீர்கள் என்றாள் ஷீபா தட்டை வைத்துக்கொண்டே. டெபாசிட் பணம் முழுவதுக்கும் அதே கம்பெனிப் பங்கு வாங்கியிருந்தாள்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது, விளக்குகிறேன். மராத்தியில் விகணே என்றால் விற்பது. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஒரு வீட்டு வாசலில் "விகணே ஆஹே" என்று போர்டு தொங்கியது. யாரும் சொல்லித்தராமலே எனக்குப் புரிந்த முதல் மராத்தி அதுதான். அட, நம்ம விக்கணும் மாதிரியே இருக்கிறதே என்று நடுத்தெருவில் நின்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அதே சொல்லை விகத் ஆக்கி, பின்னால் கேணே என்று சேர்த்தால் நேர்மாறாகிவிடும். விகத் கே என்றால் விலை கொடுத்து வாங்கு. இது எங்களுக்குத் தெரியாததில்லை, காய்கறி வாங்கும்போது தினமும் காதில் விழுவதுதான். ஆனால் மகள் வாயிலிருந்து வந்தபோது அதைத் தமிழாகவே கேட்டோம். அவள் காதில் அப்பாவின் "விக்கத்தான் கேக்கேன்" விகத், கே என்று மராத்தியாகவே விழுந்திருக்கிறது. அவளாகத் திருப்பியும் கேட்டாள், விகத் க்யாய்ச்ச நா, அதாவது வாங்கணும்தானே என்று. இவரும் ஆமாம் என்றார். கணக்கில் புதிதாகக் காசு வேறு போட்டு வைத்திருக்கிறோம், எதற்கு என்று சொல்லவில்லை. பிள்ளை வேறு என்ன நினைப்பாள்?

விற்பதாக இருந்தால் பப்பா ஃபோனுக்கு ஓடிபி வந்திருக்குமே என்றாள். வாங்குவதற்கு வராதாம். நாங்கள் ஒருநாளும் எதையும் விற்றதில்லை, எங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, காலையில் சந்தை திறந்ததும் எல்லாவற்றையும் விற்றுவிடலாம், ஒன்றும் குடிமுழுகவில்லை என்று ஷீபா சொன்னாள். காலையில் சந்தை திறக்கும் முன்னாலேயே கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கம்பெனியின் ஆடிட்டர் ராஜினாமா செய்துவிட்டதாகச் செய்தி வந்துவிட்டது. இவர் கேட்டில் பார்த்தது சரிதான். இதில் நான் சந்தோஷப்படவா?

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் விழலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் லோயர் சர்க்யூட் என்கிறார்கள். விற்க எல்லோரும் நிற்பார்கள், வாங்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். காலையில் திறந்த நிமிஷமே தொட்டுவிடும், நம் ஆர்டர் வரிசையின் வாலில் கிடக்கும், சாயங்காலம் தானாக ரத்தாகும். மறுநாளும் அதேதான். ஷீபா அலுவலகம் போகுமுன் ஆர்டர் போடுவாள், போட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டுவாள். இவர் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். திட்ட வேண்டும் என்று எனக்கு வாய் ஊறும். யாரைத் திட்ட? அவள் சொன்னதைச் செய்தாள். இவர் சரியாகத்தான் சொன்னார். தமிழில் திட்டுவதற்கு இத்தனை வார்த்தைகள் இருந்தும் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

6

மாதக் கடைசி வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் ஃபோன் செய்திருக்கிறாள், ஷீபா எடுத்திருக்கிறாள். சின்னம்மை எஸ்தரின் தமிழ் அவளுக்கு எப்போதும் பாதிதான் புரியும். அன்று முழுக்கப் புரிந்திருக்கிறது.

நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அடுப்படியில் நின்றாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

"வேற ஆள் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்களாம். ஒங்கம்மாட்ட சொல்லிருன்னு சின்னம்மை ரோ ரஹி தீ," என்றாள். எஸ்தர் அழுதாளாம். ஷீபாவுக்கு அழுகை வந்தால் மொழி இந்திக்குப் போய்விடும். "எந்த வீடு மம்மி?"

சொன்னேன். இவ்வளவு நாள் எப்படிச் சொல்வது என்று மலைத்தது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. எஸ்தருக்குப் பக்கத்து வீடு. அப்பாவும் நானும் போய் இருக்கலாம் என்று.

"விசிட்டுக்கா?"

"இல்லம்மா. இருக்கத்தான்."

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள், கேட்டால் பரவாயில்லை விடு என்று சொல்ல வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். அந்தப் பங்கை வாங்கிய நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அன்னைக்குப் பப்பா சொன்னது எனக்கு சரியா கேட்டிருந்து, எதுக்குன்னும் தெரிஞ்சிருந்தா, நான் வித்திருக்க மாட்டேன் மம்மி," என்றாள். "நெட்வொர்க் இல்லன்னு சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். நான் குக்கரைத் திறந்தேன், சோறு குழைந்திருந்தது. இவரிடம் இதைச் சொல்லவில்லை.

7

இன்று காலை சர்க்யூட் திறந்தது. திறந்தது என்றால் வாங்க ஆள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். விலை எந்த இடத்துக்கு வந்திருந்தது என்று எழுத மாட்டேன். டிரங்குப் பெட்டியில் கம்பளியோடு கிடந்தபோது இருந்த மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய தப்பில்லை.

ஷீபா இன்று வீட்டிலிருந்து வேலை. ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். இவர் நாற்காலியில், நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டு கீழே. விற்கட்டுமா என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். இனி விற்றாலும் ஒன்றுதான், வைத்திருந்தாலும் ஒன்றுதான். வித்துரு என்றேன் நான். இவர் தன் ஃபோனுக்கு வந்த ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக உரக்க வாசித்தார். நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இதற்குத்தானா இத்தனை நாள் என்று தோன்றியது.

"எங்க போடணும் பப்பா?" என்றாள் ஷீபா.

மியூச்சுவல் ஃபண்டுத் தம்பி, பாட்டீலின் நிலம், எஸ்தர் தெருவில் வேறு ஏதாவது வீடு என்று எனக்கு வரிசையாக மனதில் ஓடியது. கடைசி ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டியவர் அவர், பார்த்தது என்னை.

இவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கீழே ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டே, "இங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

பணத்தைச் சொன்னாரா, எங்களைச் சொன்னாரா தெரியவில்லை; பேங்கிலேயே கிடக்கட்டும் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு, ஷீபா சரி என்றாள். அவள் முகம் அப்படித் தெளிந்து பார்த்துப் பல நாளாயிற்று. மத்தியானத்துக்கு என்ன மம்மி என்று கேட்டாள். நான் ரசம் என்றேன்.